டேக்கும் ஜைபும்

ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் காதில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஓயாமல் விழுந்திருக்கும். ஒன்று டேக், இன்னொன்று ஜைப். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ, பாரீஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டினாரே, அதுபோன்ற ஓராள் படகுப் பந்தயத்தில் காற்றை எதிர்த்து ஏறும்வரை வர்ணனையாளர் டேக், டேக் என்றே சொல்லிக்கொண்டிருப்பார். மிதவையைச் சுற்றிக்கொண்டு காற்றோடு இறங்கத் தொடங்கியதும் அதே வாய் ஜைப் என்று மாறிவிடும். திரையில் பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதான். படகு வளைகிறது, பாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது, ஓட்டுகிறவர் குனிந்து எதிர்ப்பக்கம் தாவி உட்கார்கிறார். அப்புறம் எதற்கு இரண்டு பெயர்?

அகராதியில் இதற்கு ஒரு வரியில் விடை இருக்கிறது. திரும்பும்போது படகின் முன்முனை, அதாவது நம் மீனவர்கள் அணியம் என்று சொல்கிற மூக்கு, காற்று வரும் திசையைக் கடந்தால் அது டேக். பின்முனை கடந்தால் ஜைப். சரியான விடைதான், ஆனால் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு படகில் ஏறினால் மண்டை உடையும். கடலோடிகளுக்கு முக்கியம் வேறு விஷயம்: இரண்டும் தவறிப்போகிற விதம் நேரெதிர். டேக் தவறினால் படகு நின்றுபோகும். ஜைப் தவறினால் எதையும் நிறுத்த முடியாது.

காற்றிலிருந்தே தொடங்கலாம். பாய்மரப் படகு காற்று தள்ளுகிற பக்கம்தான் போகும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இருந்திருந்தால் போன படகு எதுவும் ஊர் திரும்பியிருக்காது. வளைந்த பாயின் இரு புறமும் காற்று வழுக்கி ஓடும்போது பாயின்மேல் ஓர் இழுவிசை பிறக்கிறது. அந்த விசையில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். படகுக்கு அடியில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் பலகை அதைத் தடுத்துவிடும். மிஞ்சுவது முன்னோக்கிய விசை. இதனால்தான் படகு காற்றுக்குச் சாய்வாக, எதிர்த்திசையிலும் ஏற முடிகிறது. ஆனால் ஓர் எல்லை வரைதான். சாதாரணப் படகு காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 டிகிரி வரை நெருங்கும்; நல்ல பந்தயப் படகு இன்னும் சில டிகிரி உள்ளே போகும். அதற்கு மேல் மூக்கை உள்ளே திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு வேகமிழக்கும். ஆக, காற்று வரும் திசைக்கு இந்தப் பக்கம் 45, அந்தப் பக்கம் 45 என்று மொத்தம் 90 டிகிரி அகலத்துக்கு ஒரு செத்த பகுதி இருக்கிறது. அதற்குள் சாதாரணப் படகைப் பாய்விரித்து ஓட்ட முடியாது.

போக வேண்டிய இடம் அந்தப் பகுதிக்குள்ளேயே இருந்தால்? வளைந்து வளைந்துதான் போக வேண்டும். வலப்பக்கக் காற்றில் கொஞ்ச தூரம், திரும்பி இடப்பக்கக் காற்றில் கொஞ்ச தூரம். 10 கடல் மைல் தொலைவில், சரியாகக் காற்று வரும் திசையில் இருக்கிற இடத்தை அடைய, 45 டிகிரியில் ஏறும் படகு 14 கடல் மைலுக்குச் சற்று அதிகமாக ஓடியாக வேண்டும். அதுவும் பக்கவாட்டில் துளியும் சரியாமல் போனால். இந்த வளைவுப் பாதையின் ஒவ்வொரு மூலையிலும் நடப்பதுதான் டேக்.

நம் கிழக்குக் கரையில் மோட்டார் வருவதற்கு முன்பு, பாய்விரித்துத் தொழிலுக்குப் போனவர்கள் இந்த மல்லுக்கட்டைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டார்கள். இருட்டோடு கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் தரைக்காற்றில் வெளியே போவார்கள். பகல் ஏறியபின் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் திரும்பி வருவார்கள். போகும்போதும் காற்று பின்னால், வரும்போதும் காற்று பின்னால். பிற்பகல் கடற்காற்றில் கரையிலிருந்து புறப்படுகிற விளையாட்டுப் படகுக்கு அந்தச் சலுகை இல்லை. போகும்போது டேக் அடித்து அடித்துத்தான் வெளியே போக வேண்டும். வரும்போது ஜைப் அடித்துத் திரும்பலாம்.

ஒரு டேக்கைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். சிறிய படகு, ஒற்றைப் பாய். பாயின் முன்விளிம்பு நின்ற மரத்தோடு சேர்ந்திருக்கும். அடிவிளிம்பை ஒட்டிப் பின்னோக்கி நீளும் கழிக்கு பூம் என்று பெயர். அந்தப் பூமை இழுத்தும் விட்டும் பாயின் கோணத்தை மாற்றுகிற கயிறு தாமான். இரண்டு பேர் இருந்தால், ஓட்டுகிறவர் முதலில் 'ரெடி அபவுட்' என்பார். கூட இருப்பவர் கயிறுகளைப் பார்த்துவிட்டு 'ரெடி' என்பார். 'லீ-ஓ' என்று சொல்லிக்கொண்டே ஓட்டுகிறவர் சுக்கான் கைப்பிடியைப் பாய் இருக்கும் பக்கமாகத் தள்ளுவார். மூக்கு காற்றுக்குள் ஏறும். பாய் தளர்ந்து படபடக்கும். பூம் படகின் நடுக்கோட்டுக்கு வந்து, ஒரு கணம் எந்தப் பக்கமும் சேராமல் ஆடும். அந்த இடைவெளியில் இருவரும் குனிந்து எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். மூக்கு மறுபக்கம் இறங்கியதும் பாய் மறுபடி நிரம்பும், படகு ஓடத் தொடங்கும். எல்லாம் சில நொடிகள்.

கவனிக்க வேண்டியது அந்த நடு நொடிகளைத்தான். செத்த பகுதியைக் கடக்கும் நேரத்தில் பாயில் விசை எதுவும் இல்லை. முன்பு ஓடிவந்த வேகம்தான் படகை அக்கரை சேர்க்கிறது. அந்த வேகம் போதவில்லையென்றால், அல்லது எதிரே ஓர் அலை வந்து மூக்கில் அறைந்தால், படகு காற்றைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடும். சுக்கானைத் திருப்பிப் பயனில்லை. தண்ணீர் அதைத் தாண்டி ஓடினால்தானே சுக்கானுக்கு உயிர்? இதை 'இன் அயர்ன்ஸ்' என்கிறார்கள், விலங்கு மாட்டிக்கொண்ட நிலை. புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் இது நேரும், கரையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பூமைக் கையால் ஒரு பக்கம் தள்ளிப் பிடித்து, படகு பின்னோக்கி நகரத் தொடங்கியதும் சுக்கானை எதிர்மாறாகத் திருப்பி வெளியே வர வேண்டும். மானம் போகும், வேறொன்றும் போகாது.

ஜைபின் கதை வேறு. இங்கே காற்று பின்னாலிருந்து வருகிறது. அதை முழுதாக வாங்கிக்கொள்ளப் பாய் படகுக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக வெளியே நீட்டப்பட்டிருக்கும், பூமும் கூடவே. ஓட்டுகிறவர் கைப்பிடியைப் பாய்க்கு எதிர்ப்பக்கமாக இழுக்கிறார். பின்முனை காற்றைக் கடக்கிறது. இதுவரை பாயின் ஒரு முகத்தில் அடித்த காற்று, பின்விளிம்பு வழியாகச் சட்டென்று மறுமுகத்துக்குள் புகுந்துகொள்கிறது.

பாயை ஒரு கதவாக நினைத்துக்கொண்டால் வித்தியாசம் விளங்கிவிடும். கீல் இருப்பது முன்னால், மரத்தில். டேக் அடிக்கும்போது காற்று கீல் இருக்கும் பக்கத்திலிருந்து வருகிறது. கதவு அதன்போக்கில் பின்னால் ஆடிக்கொண்டிருக்கும், யாரையும் அறையாது. ஜைப் அடிக்கும்போது காற்று திறந்த விளிம்பின் பக்கத்திலிருந்து வருகிறது. கதவு முழு வீச்சில் அறைந்து சாத்திக்கொள்ளும். டேக்கில் பூம் நகர்வது நடுக்கோட்டுக்கு இருபுறமும் சிறு தூரம். ஜைபில் இந்தப் பக்கம் 80 டிகிரியிலிருந்து அந்தப் பக்கம் 80 டிகிரி வரை, அரைவட்டத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பாய்க்கு ஒரு நொடிகூட ஓய்வு கிடையாது. படகும் வேகத்தை இழப்பதில்லை.

அதனால் ஜைபில் கெட்டிக்காரத்தனம் எல்லாம் பூமை வீச விடாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. முதலில் தாமானை இழுத்து இழுத்துப் பூமை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பிறகு மெல்லத் திருப்ப வேண்டும். காற்று மறுபக்கம் மாறிய கையோடு கயிற்றைச் சரசரவென்று விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் படகு ஒருக்களித்துவிடும். சிறு படகில் அவ்வளவு நேரம் இருக்காது. கயிற்றை ஒரு சுண்டு சுண்டி, தலையைக் குனிந்து, அடுத்த பக்கம் பாய வேண்டியதுதான்.

திட்டமிட்டுச் செய்யும் ஜைபைவிட, யாரும் எதிர்பாராமல் தானாக நடந்துவிடும் ஜைபுக்குத்தான் பயப்பட வேண்டும். டேக் அப்படித் தற்செயலாக நடந்து ஆளை அடிப்பது அபூர்வம். ஜைபோ, காற்று சில டிகிரி திசை மாறினாலும் போதும், பின்னாலிருந்து ஓர் அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கிச் சற்றே திருப்பினாலும் போதும், நடந்துவிடும். 2018 மார்ச்சில், உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸ் பந்தயத்தில், தென் பெருங்கடலில் ஹார்ன் முனையை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஒரு படகு இப்படி ஒரு ஜைபில் மாட்டியது. பூமைப் பிடித்திருக்கும் கயிற்றமைப்பு வீசியடித்ததில் மாலுமி ஒருவர் கடலில் விழுந்தார். தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் படகில் இருந்தவர்கள் தொழில்முறைக் கடலோடிகள்.

தென் பெருங்கடல் என்றால் ஜைபின் ராஜ்யம். அங்கே காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசிக்கொண்டே இருக்கும். உலகைச் சுற்றுபவர்கள் அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டுதான் கிழக்கே போகிறார்கள். இந்தியக் கடற்படையின் 'தாரிணி' படகில் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் இருவர் மட்டுமாகச் சுற்றிவந்ததும் இந்த வழிதான். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா தொட்டு, 2025 மே மாதக் கடைசியில் கோவா திரும்பினார்கள். இப்படிப்பட்ட பயணங்களில் பூமின் நுனியிலிருந்து முன்பக்கத்துக்கு ஒரு தனிக் கயிறு கட்டிவைப்பது வழக்கம். பிரிவென்டர் என்று பெயர். காற்று பாயின் பின்புறம் புகுந்தாலும் பூம் நகராது. அதுபோக, முன்னால் இருக்கும் சிறு பாய்மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். பெரிய பாயின் நிழலில் அது துவண்டு பக்கம் மாறப் பார்க்கிறது என்றால், காற்று மிகவும் பின்னால் போய்விட்டது, அடுத்தது ஜைப்தான் என்று அர்த்தம்.

காற்று மிகப் பலமாக இருக்கும்போது ஜைபே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. எதிர்ப்பக்கமாக முக்கால் வட்டம் சுற்றி, காற்றுக்குள் ஏறி, ஒரு டேக் அடித்து, மறுபடி இறங்கி வேண்டிய திசைக்கு வருவார்கள். 'சிக்கன் ஜைப்' என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள், பயந்தாங்கொள்ளியின் ஜைப் என்று. என்னைக் கேட்டால் நல்ல முடிவு. கேலிக்கு மண்டை உடையாது.

ஆக டேக் பத்திரம், ஜைப் ஆபத்து என்று முடித்துவிடலாமா? இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கப்பல் மாலுமியிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவருக்கு எல்லாம் தலைகீழ்.

'கட்டி சார்க்' போன்ற பழைய பெருங்கப்பல்களில் பாய்கள் மரத்துக்குக் குறுக்கே, கிடைக்கழிகளில் சதுரம் சதுரமாகத் தொங்கும். பின்னாலிருந்து வரும் காற்றுக்கென்றே அமைந்தவை. அவற்றால் காற்றை 45 டிகிரிக்கு நெருங்க முடியாது; ஏறக்குறைய 67 டிகிரியோடு சரி. 10 கடல் மைல் எதிர்காற்றில் ஏற அவை 26 கடல் மைல் ஓட வேண்டும். டேக் அடிக்கவோ 135 டிகிரி திரும்ப வேண்டும். மூக்கு காற்றுக்குள் ஏறியதும் முன்மரத்துப் பாய்களில் காற்று முன்பக்கமாக அடித்துக் கப்பலைப் பின்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளலையே பயன்படுத்தி மூக்கை மறுபக்கம் சாய்க்க வேண்டும். சரியான கணத்தில் 'மெயின்சைல் ஹால்' என்று கட்டளை வரும். மொத்த ஆட்களும் கயிறுகளில் தொங்கி நடுமரத்துக் கழிகளைச் சுழற்றுவார்கள். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கப்பல் நடுவழியில் நின்று, பின்னோக்கி வழுக்கத் தொடங்கும். பக்கத்தில் பாறைக் கரை இருந்தால் அவ்வளவுதான்.

அதனால் கடல் கொந்தளிக்கும்போதும் ஆள் குறைவாக இருக்கும்போதும் கப்பல் தலைவர்கள் பின்முனையைத்தான் காற்றுக்குக் காட்டித் திருப்பினார்கள். சதுரப் பாய்க் கப்பலில் இதற்கு வேர் என்று தனிப்பெயர். ஜைபின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். 225 டிகிரி சுற்ற வேண்டும். பாடுபட்டு ஏறிவந்த தூரத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். ஆனால் சதுரப் பாய்களில் வீசியடிக்கப் பெரிய பூம் இல்லை, கப்பலின் வேகமும் செத்துப்போகாது. இடம் விசாலமாக இருந்தால் வேர். கரை நெருக்கிக்கொண்டு வந்தால் வேறு வழியில்லாமல் டேக்.

வேருக்கு இடமுமில்லை, டேக் கைகூடும் என்ற நம்பிக்கையுமில்லை என்றால் கடைசியாக ஒரு வித்தை இருந்தது. 1812 டிசம்பரில் பிரான்சின் மேற்குக் கரையோரம் பாஸ்க் ரோட்ஸ் பகுதியில், புயலில் பாறைகளை நோக்கித் தள்ளப்பட்ட 74 பீரங்கிகள் கொண்ட 'மேக்னிஃபிசென்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை அதன் தலைவர் ஜான் ஹேய்ஸ் இப்படித்தான் காப்பாற்றினார். டேக் அடிக்கத் திருப்பும்போதே நங்கூரத்தைப் போட்டார். நங்கூரம் பிடித்திழுத்ததில் மூக்கு காற்றைக் கடந்தது. உடனே நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டுக் கப்பலை ஓட்டிக்கொண்டு வெளியேறினார். அதிலிருந்து கடற்படையில் அவருக்கு 'மேக்னிஃபிசென்ட் ஹேய்ஸ்' என்றே பெயர் நிலைத்தது.

அரபிக் கடலின் தோவ் கப்பல்களும் பெரும்பாலும் பின்முனை வழியாகத்தான் திரும்பின. அவற்றின் முக்கோணப் பாயைத் தாங்கும் நீண்ட சாய்கழியை மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். எதிர்காற்றில் அது நடக்காத காரியம். பசிபிக் தீவுக்காரர்களில் சிலர் இரண்டையும் ஒதுக்கிவிட்டார்கள். அவர்களின் ஒற்றை மிதவைப் படகுகளில் பாயின் முன்மூலையைப் படகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தூக்கிச் சென்று மாட்டுவார்கள். முன்பு பின்முனையாக இருந்தது இப்போது முன்முனை. மூக்கும் காற்றைக் கடப்பதில்லை, வாலும் கடப்பதில்லை.

இனி, ஆங்கிலத்தில் படிப்பவர்களைக் குழப்பும் ஒரு விஷயம். டேக் என்பது திருப்பத்தின் பெயர் மட்டுமல்ல, நிலையின் பெயரும்கூட. காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தால் படகு ஸ்டார்போர்டு டேக்கில் இருக்கிறது; இடப்பக்கத்திலிருந்து வந்தால் போர்ட் டேக். எந்தத் திசையில் போகிறது, எதிர்காற்றா பின்காற்றா என்பதற்கெல்லாம் இதில் சம்பந்தமில்லை. ஆகவே ஒரு படகு ஜைப் அடித்தும் போர்ட் டேக்கிலிருந்து ஸ்டார்போர்டு டேக்குக்கு மாறலாம். கேட்க விசித்திரமாக இருந்தாலும் அதுதான் சரி. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதே இந்த நிலையை வைத்துத்தான் முடிவாகிறது. 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 12-வது விதி, இரண்டு பாய்மரப் படகுகள் எதிரெதிர்ப் பக்கங்களில் காற்று வாங்கிக்கொண்டு நெருங்கினால், இடப்பக்கத்தில் காற்று வாங்கும் படகு விலகிக்கொள்ள வேண்டும் என்கிறது. பந்தயங்களில் 'ஸ்டார்போர்டு' என்று யாராவது கத்தினால் பொருள் இதுதான்: வழிவிடு.

சொல் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். பாயின் முன்பக்க அடிமூலைக்கும், அதை இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் பழைய பெயர் டேக். பக்கம் மாறும்போதெல்லாம் அந்தக் கயிற்றையும் மாற்ற வேண்டியிருந்ததால் திருப்பத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஜைப் டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் அதை எழுதுவதற்கும் அமெரிக்கர்கள் எழுதுவதற்கும் முதலெழுத்தே வேறு.

அண்மைக்காலத்தில் கணக்கு மறுபடியும் மாறியிருக்கிறது. அமெரிக்கா கோப்பைப் பந்தயப் படகுகள் இப்போது தண்ணீருக்கடியில் உள்ள சிறகுகளின்மேல் எழும்பி, உடம்பு நீரைத் தொடாமல் பறக்கின்றன. காற்றைவிட வேகமாக ஓடுவதால், பின்காற்றில் இறங்கும்போதும் படகில் நிற்பவர் முகத்தில்தான் காற்று அடிக்கும். எனவே ஜைபில் பாய் வெகுதூரம் வீசுவதில்லை. அங்கே டேக்தான் தலைவலி. 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த இறுதிச் சுற்றின் எட்டாவது பந்தயத்தில் நியூசிலாந்துப் படகு ஒரு டேக்கின் நடுவே ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டு கவிழப்போய், மயிரிழையில் தப்பியது. அப்போது நல்ல முன்னிலையில் இருந்த அந்த அணி, கடைசியில் 8-க்கு 9 என்று கோப்பையை இழந்தது.

சாதாரணப் பந்தயங்களில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டுமானால், யாராவது தப்பு செய்யும்வரை காத்திருக்க வேண்டும். வழிவிட வேண்டியவர் விடாமல் இடைஞ்சல் செய்துவிட்டால், அவரே ஒதுங்கிப்போய் ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றித் தண்டனையை நிறைவேற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டேக்கும் ஒரு ஜைபும் இருந்தே ஆக வேண்டும் என்று விதியே சொல்கிறது. பாய் படபடத்து, படகு தயங்கித் தயங்கித் திரும்பினால் அது டேக். பாய் ஒரு அறையில் பக்கம் மாறி, ஓட்டுகிறவர் வெடுக்கென்று தலையைத் தாழ்த்தினால் ஜைப்.